கருவியோடு சைகை மொழியையும் கொடுங்கள்

மதிப்புக்குரிய காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கும், கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டுகளுக்கும், பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்டுகளுக்கும்,

வணக்கம்.

என் மகளுக்கு இப்போது 13 வயது. பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. 2015-ல், அவளுக்கு மூன்று வயது நான்கு மாதம் இருக்கும்போது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வலது காதில் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஒலியை மின்குறிப்பாக மாற்றிக் காது நரம்புக்குக் கொடுக்கும் கருவி, வைத்தார்கள். ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு அரசே செலவை ஏற்றுச் செய்யும் அறுவை சிகிச்சை அது. என் கணவர் லோடு வேன் ஓட்டுகிறார். சொந்தப் பணத்தில் வைக்க வேண்டும் என்றிருந்தால், குடியிருக்கும் வீட்டை விற்றாலும் எங்களுக்குக் கட்டுபடியாகியிருக்காது.

இன்று நான் அடுப்படியில் இருந்து கூப்பிட்டால் மொட்டை மாடியில் இருந்து "என்னம்மா" என்கிறாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் அவளே போய் அடுப்பை அணைக்கிறாள். இதையெல்லாம் கொடுத்தது நீங்கள்தான். சாகும்வரை மறக்க மாட்டேன். இந்த மடல் கருவிக்கு எதிரானது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை முதலிலேயே எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தாய் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பாளே, அந்த முதல் நாளிலேயே, கருவியைப் பற்றிச் சொல்லும்போதே, சைகை மொழியைப் பற்றியும் சொல்லுங்கள். "கையைக் காட்டிப் பேசாதீங்கம்மா, அப்புறம் பிள்ளை பேசவே பேசாது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். நான் நம்பினேன். அதனால் என் பிள்ளை ஐந்து வருடம் என்ன பட்டாள் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கைக்குழந்தையாக இருக்கும்போது ஒரு தீபாவளி. தெருவில் லட்சுமி வெடி போட்டு வீடே அதிர்கிறது. அவள் தொட்டிலில் அசையாமல் தூங்கினாள். "என்ன சமத்துப் பிள்ளை, அழுகவே இல்லை பாரு" என்று எல்லோரும் மெச்சினோம். நானும்தான் மெச்சினேன். இரண்டு வயது முடிந்தும் ஒரு சொல் வரவில்லை. "இவ அப்பனும் நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்றார் அத்தை. திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டோம். வசம்பு தேய்த்தோம். கடைசியில் அங்கன்வாடி டீச்சர்தான், "அக்கா, நான் பின்னாடி நின்னு தட்டைத் தட்டுறேன், பிள்ளை திரும்பவே இல்ல, டாக்டர்ட்ட காட்டுங்க" என்றார். தூங்க மருந்து கொடுத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயரை ஒட்டி அந்தப் பெரா டெஸ்ட்டை எடுத்தார்கள். 90 டெசிபல் என்ற பெரிய சத்தத்துக்கும் அலை வரவில்லை.

அன்று அந்த அறையில் எங்களுக்கு ஒரு வழி மட்டும்தான் சொல்லப்பட்டது. ஆபரேஷன், அப்புறம் பயிற்சி, அப்புறம் எல்லாப் பிள்ளைகளையும் போல ஆகிவிடுவாள். மூளையில் கேட்கும் பகுதி மூன்றரை வயதுக்குள் ஒலிக்குப் பழகிவிட வேண்டும், நாள் போகப் போகப் பலன் குறையும் என்றார்கள். அது உண்மை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதே மூன்றரை வயதுக்குள் பிள்ளைக்கு ஏதாவது ஒரு மொழி முழுசாகக் கிடைத்திருக்க வேண்டும் என்பதும் உண்மைதானே? அதை யாரும் சொல்லவில்லை.

கருவியைப் போட்டு முதல் முதலாக ஆன் செய்த அன்று என் மகள் சிரிக்கவில்லை. போனில் வரும் வீடியோக்களில் குழந்தை கண்ணை விரித்துச் சிரிக்கும், அம்மா அழுவாள். இவள் பயந்து அலறி, தலையில் ஒட்டும் வட்ட வில்லையான காயிலைப் பிடுங்கி எறிந்தாள். அது இரும்பு பீரோவில் போய் டக்கென்று ஒட்டிக்கொண்டது. அதில் காந்தம் இருப்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்புறம் ஒன்றரை மாதம், காலையில் எழுந்ததும் அதை மாட்டுவதே ஒரு போராட்டம். எண்ணெய் வைத்துப் பின்னினால் நழுவும். பூ வைத்தால் ஒயர் சிக்கும். ராத்திரி கழற்றி ட்ரை பாக்ஸில் வைக்க வேண்டும், குளிக்கும்போது கழற்ற வேண்டும். கழற்றினால் ஒன்றுமே கேட்காது. கருவி காதைச் சரிசெய்துவிடுவதில்லை என்பது எனக்குப் புரியவே வருடங்கள் ஆயின. நல்ல காதுக்குள் பல ஆயிரம் நுண்மயிர்ச் செல்கள் செய்யும் வேலையை இங்கே பன்னிரண்டோ, பதினாறோ, இருபத்திரண்டோ மின்முனைகள் செய்கின்றன. அந்தக் குறிப்புகளை வைத்து மூளைதான் சொல்லைக் கட்டிக்கொள்ள வேண்டும். அது சாதாரண உழைப்பு இல்லை. என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசாமல் படுத்துக் கிடப்பாள். "தலை வலிக்குதாம்மா" என்று கேட்டால், காது களைத்துவிட்டது என்பாள்.

தினமும் காலையில் அவள் பின்னால் நின்று, வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலியையும் சொல்லிப் பார்ப்பேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாசிமணியை டப்பாவில் போட வேண்டும். இன்றும் அதைச் செய்கிறோம். தெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்ததில் எனக்கு மிகவும் உதவியது இதுதான். ஸ் கேட்கவில்லை என்றால் மைக்கில் ஏதோ கோளாறு என்று உடனே தெரிந்துவிடும்.

ஆனால் அதே தெரபி அறையில்தான் என் கையையும் கட்டினார்கள். தண்ணீர் வேண்டுமா என்று கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனால், "அம்மா, கை!" என்பார்கள். பிள்ளை விரல்களைக் குவித்து வாயில் வைத்து சாப்பாடு கேட்டால், "சொன்னாத்தான் குடுக்கணும்" என்பார்கள். வீட்டிலும் அப்படியே செய்தோம். எதையாவது காட்டிவிடுவேனோ என்று பயந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நான் அவளிடம் பேசியிருக்கிறேன். அத்தை கையை ஆட்டினால் அத்தையையும் கண்டித்தேன். பசியோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "சோறு" என்ற சொல் வராமல், அவள் வாய் மட்டும் திறந்து திறந்து மூடும். அந்த முகம் இப்போதும் என் கனவில் வருகிறது.

அவளுக்கு ஐந்து வயதில் ஒரு ராத்திரி நல்ல காய்ச்சல். கருவி கழற்றியிருந்தது. எங்கேயோ வலிக்கிறது என்று துடிக்கிறாள். தலையா, வயிறா, காதா என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை, அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள் என்றால், கரண்ட் வேறு இல்லை. ஒரு தாயும் மகளும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லாமல் விடிய விடிய இருந்தோம். காலையில் பார்த்தால் காதில் சீழ். ஊசி போட்ட டாக்டர், "ஏம்மா இவ்வளவு லேட்டா வந்தீங்க, காக்ளியர் வெச்ச பிள்ளைக்குக் காதுல இன்ஃபெக்‌ஷன் வந்தா மூளைக்காய்ச்சல் வரைக்கும் போகலாம் தெரியாதா" என்று திட்டினார். தெரியும். எங்கே வலிக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஏப்ரலில் அவள் பிராசசர், கருவியில் வெளியே மாட்டும் பாகம், நின்றுபோனது. முதலில் ஒயர் என்று நினைத்தோம், ஒயரை மாற்றியும் வரவில்லை. கம்பெனி ஆபீஸ் மூடியிருந்தது, கூரியர் இல்லை, வாரண்டியும் முடிந்திருந்தது. வேன் ஓடாததால் வீட்டில் பணமும் இல்லை. தெருவில் இறங்கினால் எல்லோர் வாயிலும் மாஸ்க். அதுவரை உதட்டைப் பார்த்தாவது பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாட்டும் மாட்டும் உதட்டில் ஒன்றாகத்தான் தெரியும், இருந்தாலும் இடம் பார்த்துப் புரிந்துகொள்வாள். மாஸ்க் அதையும் மூடியது. எட்டு வயதுப் பிள்ளை, நான்கு மாதம், ஒரு மூலையில் உட்கார்ந்து சுவரில் நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

எங்கள் தெருவில் ஒரு தையல்கார அக்கா. பிறவியில் காது கேட்காது. பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்காக ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் நூறு வருடங்களுக்கு முன்பே தொடங்கிய பள்ளிக்கூடத்தில் படித்தவர். அப்போது வாசலில் மிஷினைப் போட்டு மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தார். ஐந்து வருடமாக அந்த அக்காவின் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் என் மகளின் முகத்தை நான் மறுபக்கம் திருப்பியிருக்கிறேன். கை அசைப்பதைப் பார்த்துப் பழகிவிடுவாளோ என்ற பயம். எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்த அக்காவுக்கு நான் ஏன் திருப்புகிறேன் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.

மாஸ்க் வாங்கப் போன அன்று மகளை வீட்டில் விட ஆள் இல்லை. அக்கா அவளைப் பார்த்து ஏதோ கேட்டார். இவளுக்குப் புரியவில்லை. அக்கா ஒரு துணித் துண்டை எடுத்து, நிறத்தைக் காட்டி, கையால் ஒன்று செய்தார். இன்னொரு துண்டு, இன்னொரு சைகை. நான் பேரம் பேசி முடிப்பதற்குள் என் மகள் ஆறு நிறத்தைத் திருப்பிச் செய்தாள். ஆறு! தெரபியில் 'சிவப்பு' என்ற சொல்லுக்கு நாங்கள் மூன்று மாதம் செலவழித்திருக்கிறோம். அடுத்த நாள் அவளே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அங்கே போனாள்.

ஆகஸ்டுக்குள் அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எட்டு வயது வரை என் பிள்ளை என்னிடம் "ஏன்" என்று கேட்டதில்லை. 'பால் வேணும்', 'ஸ்கூல் போறேன்', 'மாமா வந்தாச்சு' என்று பழக்கிய சொற்களைச் சொல்வாள். கேட்கத் தெரியாது. இந்தியச் சைகை மொழியில் கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, புருவமும் முகமும் அதோடு சேர்கின்றன. அவள் முதலில் கேட்டது, தாத்தா போனது எங்கே என்று. என் மாமனார் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடமும் அவள் அதை மனதில் வைத்துக்கொண்டு, கேட்க வழியில்லாமல் இருந்திருக்கிறாள்.

பிராசசர் சரியாகித் திரும்ப மாட்டியபோது பேச்சு நின்றுவிடும் என்று பயந்தேன். நிற்கவில்லை, வேகமாக வந்தது. சைகையில் அர்த்தம் தெரிந்த சொல்லைக் காதில் கேட்டதும் டக்கென்று பிடித்துக்கொண்டாள். பொருள் ஏற்கெனவே உள்ளே இருந்தது, அதற்கு ஒலியை மட்டும் ஒட்ட வேண்டியிருந்தது. என் ஒரு பிள்ளையை வைத்து உலகத்துக்கே சட்டம் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது இது.

நீங்கள் ஆராய்ச்சியைக் காட்டுவீர்கள் என்று தெரியும். மகளுக்காக அதையும் தேடித் தேடிப் படித்தேன், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளை உதவினாள். 2017-ல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ இதழில் ஆன் கீர்ஸும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில், சைகை பயன்படுத்தாத குடும்பங்களின் காக்ளியர் பிள்ளைகள் பேச்சிலும் வாசிப்பிலும் முன்னால் இருந்தார்கள் என்று வந்தது. அது பெரிய ஆய்வுதான், தள்ளிவிட முடியாது. ஆனால் அதில் சைகை பயன்படுத்திய பெற்றோர் யார்? அரைகுறையாகச் சைகை கற்றுக்கொண்ட, காது கேட்கும் அப்பா அம்மாக்கள்தான் பெரும்பாலும். அதை அப்போதே பல மொழியியலாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். பிறந்ததில் இருந்தே காது கேளாத பெற்றோரிடம் முழுசாகச் சைகை மொழி கற்று வளர்ந்து, காக்ளியரும் வைத்துக்கொண்ட பிள்ளைகளை அமெரிக்காவில் 2014-ல் டேவிட்சனும் உடன் ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் பேச்சு மொழியில், காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த காது கேட்கும் பிள்ளைகளுக்கு ஈடாக இருந்தார்கள். அது ஐந்தே பிள்ளைகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சைகை தெரிந்தால் வாய் பேச்சு வராது என்று அடித்துச் சொல்ல இடமில்லை என்பதற்கு அது போதும். கருவி எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். யாருக்குத் தரும், யாருக்குத் தராது என்பது மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் தெரிகிறது. அதுவரை மொழி இல்லாமல் காத்திருக்கச் சொல்கிறீர்கள். பலன் தராத பிள்ளையின் கதி என்ன? ஆறு வயது, ஏழு வயதில் "இவனுக்கு வராது, ஸ்பெஷல் ஸ்கூல்ல சேருங்க" என்று அனுப்பப்பட்டு, ஒரு மொழியும் இல்லாமல் வந்து உட்காரும் பிள்ளைகளைப் பற்றி அந்தப் பள்ளி ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தையல்கார அக்கா எங்களுக்கு இவ்வளவு செய்தாரே தவிர, கருவியை ஒப்புக்கொண்டாரா என்றால் இல்லை. ஒரு நாள் என் மகளின் தலையில் காயில் ஒட்டியிருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்து, முடியை விலக்கித் தழும்பைப் பார்த்தார். கண் கலங்கியது. அவருடைய மகனுக்குக் காது கேட்கும், அவன்தான் எனக்குச் சொன்னான்: "அம்மா கேக்குறாங்க, எங்கிட்ட என்ன குறை கண்டீங்க? நான் சம்பாதிக்கல? கல்யாணம் பண்ணிப் பிள்ளை வளக்கல? சின்னப் பிள்ளை மண்டையைக் கீறுற அளவுக்கு எங்களை மாதிரி இருக்கிறது அவ்வளவு கேவலமா?"

எனக்குப் பதில் வரவில்லை. "அப்படியில்லக்கா, அவ என் குரலைக் கேக்கணும்னு ஆசைப்பட்டேன்" என்றேன். தம்பி அதைக் கையால் சொன்னான். அக்கா என்னை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் சொன்னதை அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "நீங்க ஆசைப்பட்டீங்க. அவ ஆசைப்பட்டாளா?"

இந்தக் கேள்வி எங்கள் தெருவோடு முடிகிற கேள்வி இல்லை. அமெரிக்காவில் இரண்டு வயது முதல் குழந்தைகளுக்குக் காக்ளியர் வைக்கலாம் என்று 1990-ல் அரசு அனுமதி கொடுத்ததும், அங்கிருக்கும் காது கேளாதோரின் தேசியச் சங்கம் 1991-ல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. காது கேளாமையை நோயாகவே பார்க்காதீர்கள், நாங்கள் தனி மொழி பேசும் ஒரு சமூகம், எங்களைக் கேட்காமல் எங்கள் பிள்ளைகளை மாற்றாதீர்கள் என்பது அவர்கள் வாதம். அவர்கள் கோபத்துக்குப் பின்னால் நூறு வருடக் காயம் இருந்தது. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்காக ஒரு மாநாடு கூடியது. வந்தவர்கள் 164 பேர், அதில் காது கேளாதவர் ஒரே ஒருவர். வகுப்பறையில் சைகை கூடாது, வாய்ப்பேச்சு மட்டும்தான் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் பிள்ளைகளின் கைகளைக் கட்டிவைத்து, அடித்துப் பேசப் பழக்கினார்கள். காது கேளாத ஆசிரியர்களுக்கு வேலை போனது. 2010-ல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாடுதான் அந்தத் தீர்மானங்களைத் தள்ளுபடி செய்து வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 வருடம். இதைப் படித்தபோதுதான் தொடைக்கு அடியில் வைத்திருந்த என் கைகள் நினைவுக்கு வந்தன. மிலானில் போட்ட கட்டு என் வீடு வரைக்கும் வந்திருக்கிறது.

அந்த அமெரிக்கச் சங்கமும் 2000-ல் தன் நிலையைத் தளர்த்திக்கொண்டது. கருவியை வைத்துக்கொள்வதும் வைத்துக்கொள்ளாததும் அவரவர் முடிவு, வைத்துக்கொண்டவர்களும் எங்களவர்களே, ஆனால் பிள்ளைக்குச் சைகை மொழியையும் மறுக்காதீர்கள் என்கிற இடத்துக்கு வந்தார்கள். நானும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன்.

இதைச் சொல்லும்போது காது கேளாதோர் சங்கத்து அண்ணன் அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு செப்டம்பர் 23, சைகை மொழிகள் தினம். மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு விழாவுக்குப் போனேன். சில இளைஞர்கள் அவள் தலையில் இருந்த காயிலைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவள் அதைக் கழற்றி என் பையில் போட்டுவிட்டாள். அன்று முழுக்கத் திரும்ப மாட்டவில்லை. காது கேட்கும் பிள்ளைகளிடம் அவள் செவிடு, உங்களிடம் வந்தால் மெஷின் வைத்தவள் என்றால், அவள் எங்கேதான் போவாள்? கருவியை வைத்தது அவள் குற்றமா? உங்கள் மொழி பிழைத்திருக்க வேண்டும் என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. காது கேளாத பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் எங்களைப் போன்ற காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கின்றன. அந்த மொழியை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க உங்களைவிட்டால் ஆள் இல்லை. அன்று சாயங்காலம் நான்கு பெண்கள் அவளைத் தங்களோடு உட்கார வைத்துக்கொண்டார்கள். அவள் கன்னக்குழியில் விரலை வைத்துத் திருகுவது போல ஒரு சைகைப் பெயரையும் கொடுத்தார்கள். இப்போது அதுதான் அவளுக்குப் பிடித்த பெயர். நாங்கள் ஜாதகம் பார்த்து வைத்த பெயர்கூட அவளுக்கு இவ்வளவு பிடிக்காது.

சரி, மருத்துவர்களிடம் திரும்பி வருகிறேன்.

சட்டம் உங்கள் பக்கம் இல்லை என்று சொல்லிப் பயமுறுத்த வரவில்லை. ஆனால் இந்தியா 2007-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, சைகை மொழி கற்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், காது கேளாத பிள்ளைகளுக்கு அவர்களுக்கு மிகவும் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி தர வேண்டும், சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்கிறது. டெல்லியில் 2015-ல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சிப் பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கு வீடியோ அகராதியே போட்டிருக்கிறது. போனில் காசில்லாமல் பார்க்கலாம். சமைத்துக்கொண்டே நான் அதில்தான் கற்றுக்கொண்டேன். இதில் ஒன்றுகூட எனக்கு ஆஸ்பத்திரியில் சொல்லிக் கிடைக்கவில்லை. உங்களில் பலருக்கே இது தெரியாமல் இருக்கலாம். உங்கள் படிப்பில் காது கேளாத ஒரு மனிதரை நோயாளியாக இல்லாமல் சந்திக்க வாய்ப்பே வந்திருக்காது.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பிள்ளைகளின் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டுபிடிக்க ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. அங்கே பிசியோ இருக்கிறார், ஸ்பீச் தெரபிஸ்ட் இருக்கிறார். சைகை மொழி தெரிந்த, காது கேளாத ஒருவரை அங்கே வேலைக்கு வைத்தால் என்ன? பெற்றோர் வந்ததும் முதலில் அவரைப் பார்க்கட்டும். என் மகள் வளர்ந்து பெரியவளானால் எப்படி இருப்பாள் என்று எனக்கு அன்று கண்ணில் காட்ட ஆள் இல்லை. ஊமையாகத் தெருவில் நிற்பாள் என்ற பயம் மட்டும்தான் இருந்தது. சொந்தமாகக் கடை வைத்து, மகனைப் படிக்கவைக்கும் அந்த அக்காவை அன்றே நான் பார்த்திருந்தால், ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டிருப்பேன், ஆனால் பயந்துபோய் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

உதிரிப் பாகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே வைத்தது பல்லாண்டு இருக்கும், வெளியே மாட்டுவது சில வருடத்தில் தேயும். ஒயருக்கும் காயிலுக்கும் ஆயிரக்கணக்கில், புது பிராசசருக்கு லட்சக்கணக்கில். பழைய மாடலை நிறுத்திவிட்டால் உதிரியே கிடைக்காது. கேரளத்தில் ஸ்ருதிதரங்கம் திட்டத்தில் கருவி வாங்கிய பிள்ளைகளின் பெற்றோரும் இதற்காகத்தான் அலைந்தார்கள். ஆபரேஷன் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் அரசு, ஐந்து வருடம் கழித்து எத்தனை பிள்ளைகள் இன்னும் கருவியை மாட்டுகிறார்கள் என்றும் எண்ண வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் கேட்பார்கள்.

என் மகள் இப்போது எட்டாம் வகுப்பு. வகுப்பில் கருவியோடு பேசுகிறாள். ழகரம் மட்டும் இன்னும் வரவில்லை. ராத்திரி கருவியைக் கழற்றி ட்ரை பாக்ஸில் வைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் நிஜமான பேச்சு தொடங்கும். லைட்டை அணைக்க விடமாட்டாள், கை தெரியாதே. அன்று யார் யாரோடு சண்டை போட்டார்கள், கணக்கு டீச்சர் ஏன் அழுதார், எல்லாம் வரும். என் கை மெதுவாகத்தான் போகும், அதைப் பார்த்துச் சிரிப்பாள். அந்த அக்கா கேட்ட கேள்வியை ஒருநாள் நானே அவளிடம் கேட்டேன். உன்னைக் கேட்காமல் வைத்துவிட்டேன், உனக்கு அதில் கோபமா என்று. கொஞ்ச நேரம் யோசித்தாள். மழைச் சத்தம் பிடிக்கும் என்றாள். பள்ளிக்கூட மைக் சத்தம் பிடிக்காது என்றாள். அப்புறம், வைத்ததற்குக் கோபம் இல்லை, கையைக் கட்டியதற்குக் கோபம் என்றாள். இதைச் சொல்லும்போது அவள் கை வேகமாகப் போனது. நான் இரண்டாவது முறை கேட்டுத்தான் புரிந்துகொண்டேன்.

அடுத்த மாதம், கருவியின் ஒலி அளவைச் சரிபார்க்கும் மேப்பிங்குக்கு வருகிறோம். ஆடியாலஜி அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் எப்போதும் இரண்டு மூன்று தாய்மார்கள் கைக்குழந்தையோடு, ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் முறை வரும்வரை நானும் மகளும் அவர்களோடு உட்கார்ந்து பேசலாமா? தையல்கார அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கருவியைப் பற்றி அவர் தன் மனதில் பட்டதைத்தான் சொல்வார், அதை நான் தடுக்க மாட்டேன். நீங்கள் சரி என்றால் போதும். நாற்காலி வேண்டாம், தரையில் உட்கார்ந்துகொள்கிறோம்.

நன்றியோடும் நம்பிக்கையோடும்,
ஒரு தாய்